விளம்பரம் வரட்டும், காத்து சொல்லும் நேரத்தில் மட்டும் வேண்டாம்

ஊருக்காக லாபநோக்கில்லாமல் நடத்துகிற சமுதாய வானொலியில் விளம்பரம் போடலாமா கூடாதா என்று நம் கரையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி அது எப்போதோ முடிந்த பேச்சு. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சமுதாய வானொலிக் கொள்கையிலேயே மணிக்கு 5 நிமிடம் உண்டு. பிறகு 7 ஆனது, 2024 பிப்ரவரியில் 12 ஆக்கினார்கள். அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 52 ரூபாய் என்றிருந்த கட்டணமும் 74 ஆனது. எந்த நிகழ்ச்சியில் போடுவது, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் இப்போது பேச வேண்டியது.

என் கருத்து, நிகழ்ச்சி செய்கிறவர்கள் கேட்டால் மட்டும் போடுங்கள். எல்லாவற்றிலும் சொருகிவிட்டு, வேண்டாதவர்கள் எழுதிக் கொடுக்கட்டும் என்பது நியாயமாகத் தெரியும். ஆனால் காலையில் கடல்பாசி எடுக்கப் போய்விட்டு மத்தியானம் வந்து நிகழ்ச்சி பதிவு செய்கிற அக்காமார் மனு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பேசாமல் இருந்துவிடுவார்கள். நாம் அதையே சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வோம்.

காத்து, கடல் எச்சரிக்கை சொல்லும் நேரத்துக்கு இந்த விருப்பமும் கிடையாது. அங்கே விளம்பரமே கூடாது. 'மணிக்கு 45லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் காத்து, இடையிடையே 65, மன்னார் வளைகுடாப் பக்கம் போகவேண்டாம்' என்று சொன்ன குரல், அடுத்த நொடியே 'நகைக்கடனுக்கு அணுகுங்கள்' என்று சொன்னால் என்ன ஆகும்? நகைக்கடனை நம்புவார்கள் என்பது ஒரு பக்கம். எச்சரிக்கையையும் விளம்பரம் மாதிரி காதில் வாங்கி விட்டுவிடுவார்கள் என்பதுதான் பெரிய பயம். ஆகவே வானிலை வாசிப்பவர் எந்த விளம்பரத்துக்கும் குரல் கொடுக்கக் கூடாது, வேறு நிகழ்ச்சியில்கூட. காணாமல் போன படகு, மரண அறிவிப்பு இரண்டுக்கும் காசு வாங்கக் கூடாது. (நினைவஞ்சலிக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கொடுக்க மனசுள்ளவர்கள் நம் ஊரில் நிறைய.)

அடுத்து மீன் விலை நிகழ்ச்சி. முன்பணம் வாங்கிய படகு, பிடித்த மீனை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், அவர் போடுகிற விலைக்கு. இது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விலை சொல்கிற நிகழ்ச்சிக்கு ஒரு கமிஷன் கடைக்காரர் ஆறு மாத விளம்பரக் காசை மொத்தமாகக் கொடுத்தால் வானொலியும் அந்தப் படகு மாதிரிதான். நண்டு விலை நூறு ரூபாய் இறங்கிய நாளில் யார் வாயைத் திறப்பார்கள்? மாத வருமானத்தில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வரக் கூடாது என்று எழுதி வையுங்கள். மீன் வாங்குகிறவர் விளம்பரம் மீன் விலை நிகழ்ச்சியில் வேண்டவே வேண்டாம், பாட்டு நேரத்தில் போகட்டும்.

காசு எங்கே போகும் என்பதில்தான், கேட்டால் மட்டும் போடுகிற இந்த விருப்ப முறை பெரும்பாலும் உடையும். விளம்பரம் ஏற்ற நிகழ்ச்சிக்கே அந்தக் காசு என்று வைத்தால், நேயர் விருப்பப் பாட்டுக்காரர்கள் புது மைக் வாங்குவார்கள், எச்சரிக்கை வாசிப்பவர் பஸ் காசுக்கு நிற்பார். அவமானப்பட்டு இரண்டே மாதத்தில் எல்லோரும் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எல்லாம் பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும். விளம்பர வருமானம் நிலையச் செலவுக்கும் கருவிகளுக்கும்தான் என்று 2006 கொள்கையும் சொல்கிறது. உப்புக்காத்தில் ஆன்டெனா கனெக்டர் பச்சை பிடிப்பதற்கும் யுபிஎஸ் பேட்டரி படுப்பதற்கும் வருஷா வருஷம் காசு வேண்டும்.

எவ்வளவு வரும்? 12 நிமிடம் அனுமதி என்பதற்காக 12-ஐயும் நிரப்பினால் ஆள் அலைவரிசையை மாற்றிவிடுவார். மணிக்கு 3 நிமிடம் போதும், அதுவே பத்து நொடித் துண்டாகப் பதினெட்டு. ஒரு கடைக்கு 20 நொடி விளம்பரம், நாளுக்கு 3 தடவை, மாதம் 26 நாள் என்றால் 78 தடவை. தடவைக்கு 25 ரூபாய் போட்டால் 1,950. பத்துக் கடைக்கு 19,500. வலைக்கடை, என்ஜின் மெக்கானிக், கருவாட்டுக்கடை, ஸ்டூடியோ இவர்கள்தான் தருவார்கள். வழக்கமாக 100 வாட் சக்திக்குத்தான் அனுமதி, கம்பம் 30 மீட்டருக்கு மேல் கூடாது. பாம்பனில் கம்பம் நட்டால் தங்கச்சிமடமும் மண்டபமும் கேட்கும், தூரத்தில் தொண்டியில் இருக்கும் ஓட்டலுக்கு விளம்பரம் விற்காதீர்கள்.

20 நொடிக்கு 35 சொல்லுக்கு மேல் எழுதினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். விலையைப் பதிவில் சேர்க்காதீர்கள், ஐஸ் விலை மாறியதும் சண்டை வானொலிக்கு வரும். முன்னாலும் பின்னாலும் ஒரு மணிச்சத்தம் வையுங்கள், இது விளம்பரம் என்று தெரியட்டும். 'இந்நிகழ்ச்சியை வழங்குவோர்' என்று கடைப் பெயரைப் போடுவதற்குக் கொள்கை இடம் தரவில்லை. ஒலிபரப்பியதை மூன்று மாதம் சேமித்து வைப்பது கட்டாயம். 'எங்க விளம்பரம் வரவே இல்லையே' என்று வருகிறவருக்கு அதையே போட்டுக் காட்டலாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டு வேலை விளம்பரம் கண்டிப்பாக வரும். ஏஜெண்டின் பதிவுச் சான்று எண் இல்லாமல் வாங்காதீர்கள். அவர்கள் வாங்கக் கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சர்க்கரையைக் குணமாக்குகிறேன் என்கிற வைத்தியர் விளம்பரம், மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954 சட்டப்படி குற்றம்.

கடைசியாக மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகளுக்குத்தான் தடை என்றாலும் ஐஸ் கம்பெனிக்காரர் பணத்தை நிறுத்திவிடுவார். பெயின்ட் கடையும் ஃபைபர் வேலை செய்கிறவரும் அப்போதுதான் தேடி வருவார்கள். வருஷ ஒப்பந்தத்தைப் பத்து மாதக் கணக்கில் போட்டு, மாதா மாதம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சிக்காரர்களிடம் சம்மதத் தாளையும் அந்த 61 நாளுக்குள்ளேயே புதுப்பியுங்கள், நிறையப் பேர் கரையில் இருப்பார்கள்.