நெமலின் கோல்கள் கிருமிகள் அல்ல

"தசை பயாப்சியில் தெரியும் சிவப்புக் கோல்கள் பாக்டீரியா; ஆன்டிபயாடிக் எடுத்தால் கரைந்துவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

1963-இல் நெமலின் மயோபதி என்று பெயரிடப்பட்ட, தசை பலவீனம் தரும் பரம்பரை நோயில் காணப்படும் இந்தக் கோல்கள் தசைநாருக்குள்ளேயே, அதாவது தசையின் நீண்ட செல்லுக்குள்ளேயே, உருவாகின்றன. தசைநாரைச் சுருங்கவைக்கும் சிறு அலகுகளான சார்கோமியர்களை ஒன்றோடொன்று இணைக்கும் இசட் தட்டில் ஆல்ஃபா ஆக்டினின் புரதம் ஆக்டின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. நெபுலின், ஆக்டின் போன்ற மெல்லிழைப் புரதங்களின் மரபணுக்களில் பிழை இருந்தால் அந்த அமைப்பு குலைந்து, இதே பொருள்கள் கோலாகத் திரள்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோலின் வலைப்பின்னல் இசட் தட்டோடு தொடர்ந்திருப்பது தெரியும். பாக்டீரியாவுக்குரிய செல்சுவர் இருக்காது. ஆக்டின் பிழையில் சில நேரம் உட்கருவுக்குள்ளும் கோல்கள் இருக்கும்.

குழப்பம் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் தொடங்குகிறது. ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்த திசுவில், வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் கோல்கள் எளிதில் கண்ணில் படாது. திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஐசோபென்டேனில் சட்டென உறையவைத்து, மாற்றியமைத்த கோமோரி டிரைக்ரோம் சாயமிட்டால் நீலப்பச்சைப் பின்னணியில் சிவப்பாகத் தெரியும். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் நாரில் ஓட்டை போட்டுவிடும். அப்புறம் எதையும் நம்ப முடியாது.

கோல் இருப்பதாலேயே பரம்பரை நோய் என்றும் முடிவுகட்டக் கூடாது. தசையும் தசைநாணும் சேரும் இடத்தில் இயல்பாகவே கோல்கள் காணப்படலாம்; பெரியவர்களில் எச்ஐவி தொற்றோடும், இரத்தத்தில் ஒரே வகை எதிர்ப்புரதம் மிகுந்து சேரும் மோனோகுளோனல் காமோபதியோடும் வருவதுண்டு. கோல்களின் எண்ணிக்கையை வைத்து நோயின் தீவிரத்தையும் கணிக்க முடியாது.