நாலு மணி நேரம்னு யார் சொன்னது?

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, தடவைக்கு நாலு மணி நேரம் என்பார்கள். மாமாவுக்குத் துணையாக ஒன்றரை வருடம் போய்வந்தவன் சொல்கிறேன், அது மெஷின் ஓடுகிற நேரம் மட்டும்தான். கிராமத்திலிருந்து வருகிறவருக்கு அது விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வீடு சேர்கிற முழு நாள். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால் அவர் எப்போது சம்பாதிப்பார்? கூட வருகிறவர்?

அதனால்தான் மூன்று இரண்டாகிறது. "போன தடவை ஏன் வரல?" என்று ஒரு நர்ஸ் எல்லார் முன்னாலும் அதட்டினார். மாமா பதில் பேசாமல் எடை மெஷினில் ஏறி நின்றார். நாலு கிலோ கூடுதல். அத்தனையும் சிறுநீராய்ப் போயிருக்க வேண்டிய நீர். அவ்வளவையும் நாலு மணி நேரத்தில் உறிஞ்சினால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். அன்றைக்கும் இழுத்தது. அதோடுதான் பஸ் ஏறினோம். ஊசி குத்திய கையில் கூட்டம் இடித்துவிடாமல் நான் மறைத்துக்கொண்டே நின்றேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்த இடம்தான் ஃபிஸ்டுலா; கயிறு மாதிரி புடைத்த அதில் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். அது அடைத்துக்கொண்டால் மறுபடி ஆபரேஷன்தான்.

நீரைவிடப் பயம், சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்குகிற பொட்டாசியம். அதிகம் ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடலாம். மூன்று முறையும் தவறாமல் போகிறவர்களுக்கே, வாரத்தில் ஒருமுறை விழுகிற அந்த இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணம் அதிகம் என்று 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தவறவிட்டவர் கதி?

பக்கத்திலேயே மெஷின் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். அதற்கு ஆர்.ஓ. பிளான்ட், அறுந்துபோகாத கரண்ட், டெக்னீஷியன். குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கிற குளோரமின் மிஞ்சினால் ரத்த அணுக்களே உடைந்துபோகும். மெஷின் வாங்குவதுதான் இதில் சுலபமான வேலை (போட்டோவுக்கும் அதுதான் நன்றாக இருக்கும்).

இன்னொரு வழி 1970-களிலிருந்தே இருக்கிறது, வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, கழிவை உறிஞ்சிக்கொள்கிற திரவத்தை இரண்டு லிட்டர் அளவில் நாளுக்கு நாலு முறை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. தாய்லாந்து 2008-ல் தன் அரசுத் திட்டத்தில் இதையே முதல் வழியாக வைத்தது. சிக்கல் இல்லாமல் இல்லை. கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று வரும். வெளிவரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே ஓட வேண்டும். எல்லாருக்கும் இது ஒத்துவராது, பைகளும் நேரத்துக்கு வீடு வந்து சேர வேண்டும். கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை நான். ஆனால் தூரத்திலிருந்து வருகிறவரிடம், கையில் ஃபிஸ்டுலா போடுவதற்கு முன்னாடியே பேச வேண்டிய பேச்சு இது.

மாமாவுக்கு இது தெரியவந்ததே பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான். திரும்பும்போது கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே மாப்ளே."