தலையணைக்கு அடியில் சப்பாத்தி
சிகிச்சை அறை, சிறை, வளர்ப்புப் பராமரிப்பு (பெற்றோரிடம் வளர முடியாத குழந்தையைத் தத்தெடுக்காமல் வேறொரு குடும்பம் தற்காலிகமாக வளர்ப்பது) என மூன்றிலும் வேலை பார்த்த மனநல ஆலோசகர் பற்றிய கட்டுரை அருமை. நானும் எட்டு வருடம் சிறைக்குப் போய்வந்தவள்தான் (ஆலோசகராக!). 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது. சட்டம் சரி, எனக்குக் கிடைத்தது ஸ்டோர் ரூம் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு பையன் தினமும் பாதி சப்பாத்தியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பான். அந்த வீட்டம்மா திட்டவில்லை. ஒரு டப்பா நிறைய பிஸ்கட் போட்டு அவன் கட்டிலருகே வைத்துவிட்டார். மூன்றே மாதத்தில் ஒளிப்பது நின்றது. மத்திய அரசின் 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயது வரையுள்ள, துணையில்லாமல் தனியாக இருப்பவர்களும் இப்படி வளர்க்க விண்ணப்பிக்கலாம். கட்டுரையில் அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.