மதுரை மில்லில் முதல் நாளிலிருந்தே 8 மணி நேர வேலையா?

"ஹார்வி சகோதரர்கள் மதுரையில் மில் தொடங்கிய நாளிலேயே 8 மணி நேர வேலையும் வார விடுமுறையும் தாமாகக் கொடுத்தார்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே அந்தப் பஞ்சாலையின் சங்கு ஊதத் தொடங்கியபோது, வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பே இல்லை. 1881 தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளை மட்டும், அதுவும் 9 மணி நேரம் என்று, கட்டுப்படுத்தியது. வார விடுமுறை 1891 சட்டத்தில் வந்தது. அது முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததல்ல. பஞ்சாலை ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பு 1911-இல்தான். 1922-இல் வாரம் 60 மணி நேரம், 1934-இல் 54, 1946-இல் 48, அதாவது ஆறு நாளுக்குச் சராசரியாக நாளுக்கு 8. அந்த 48-ஐயே 1948 சட்டமும் தொடர்ந்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றும் எழுதியது.

12 மணி நேரம் என்றால் என்ன என்பதை நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேம் அருகே நின்றால்தான் புரியும். நூல் அறுந்தால் ஓடும் கதிரை நிறுத்தி, நூல் சுற்றும் பாபினிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு வளையத்தில் கோத்து, முன் ரோலரில் வரும் பஞ்சிழையோடு ஒட்டவிட வேண்டும். சில நொடி வேலைதான். ஆனால் வரிசை நெடுக, நின்றபடியே, நாள் முழுக்க. காற்று காய்ந்தால் நூல் அதிகம் அறும். அதனால் ஜன்னலைச் சாத்தி ஈரப்பதம் ஏற்றுவார்கள். மதுரை வெயிலில் அந்தப் புழுக்கத்தோடு பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்குள் போகும்.

நேரம் குறைந்ததில் தொழிலாளர் போராட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. அதை மறைக்கும் செய்தியைப் பகிர வேண்டாம்.