மிண்ட் போதும் என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

முந்தாநாள் அந்த லினக்ஸ் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டது, பழைய லேப்டாப்பில் 11 ஏறவில்லை, விண்டோஸுக்குப் பதிலாக எந்த லினக்ஸ் (இலவச இயங்குதளம், பல வகைகளில் கிடைக்கிறது) போடலாம் என்று ஓர் ஆசிரியை கேட்டார். அந்த வகைகளில் ஒன்றான மிண்ட் போடுங்கள் மேடம் என்றேன். அடுத்து வந்தவை: "அதெல்லாம் ஒரு லினக்ஸா?", "ஆர்ச் போட்டுக் கத்துக்கோங்க" (எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டிய வகை அது), "டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) தெரியாதவங்க ஏன் இந்தப் பக்கம் வர்றாங்க?" சாயங்காலத்துக்குள் அவர் கேள்வியையே அழித்துவிட்டார்.

கேட்டவருக்கு என்ன வேலை என்று முதலில் கேளுங்கள். அவருக்கு வேண்டியது வினாத்தாள் தட்டச்சு, பிரிண்ட், யூடியூப், ஜூம். இதற்கு மிண்ட் போதும். உபுண்டு என்ற பிரபல லினக்ஸின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டியது. மிண்ட் 22க்கு 2029 வரை அப்டேட் வரும். மெனு கீழே இடதுபக்கம் இருக்கிறது, விண்டோஸில் பழகிய கை தானாக அங்கே போகும். கணினியின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்டை முதல் நாளே அமைத்துவிட்டால், அப்டேட்டில் ஏதாவது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ரேம் குறைவா, அதற்கென இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இருக்கிறது.

"டெபியன் இன்னும் உறுதியாச்சே?" அந்த லினக்ஸ் வகை உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் வைஃபைக்கான ஃபர்ம்வேர் (வைஃபை வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அதன் வழக்கமான இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வந்தது 2023இல், டெபியன் 12இல்தான். ஃபெடோரா என்ற இன்னொரு வகை? புது லேப்டாப், புது கிராஃபிக்ஸ் கார்டு என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 13 மாதம்தான்; சில வீடியோக்கள் ஓட ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பையும் சேர்க்க வேண்டும். ஆர்ச் நல்ல டிஸ்ட்ரோதான் (லினக்ஸ் வகையை அப்படித்தான் சொல்வோம்), அதன் விக்கியை நானும் படிக்கிறேன். ஆனால் அப்டேட் கொடுக்கும் முன் அவர்கள் தளத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிற ஒன்றை, மறுநாள் காலை வினாத்தாள் கொடுக்க வேண்டியவரிடம் எப்படித் தள்ளிவிடுகிறீர்கள்?

என் சித்தப்பா ஓய்வுபெற்றவர். மிண்டில் லிப்ரே ஆபிஸ் (இலவச ஆபிஸ் மென்பொருள்) திறந்து தமிழ்99 விசைப்பலகை முறையில் எங்கள் குடும்பக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். லினக்ஸின் உள்மையமான கர்னல் என்றால் என்ன என்று இதுவரை கேட்டதில்லை. கேட்கும் தேவையே அவருக்கு வரவில்லை. வேலை நடக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

"எளிதாகக் கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்" என்கிறீர்கள். கற்றுக்கொள்ள வந்தவர் வேறு, வேலை முடிக்க வந்தவர் வேறு. உங்களுக்கும் முதல் நாள் என்று ஒன்று இருந்தது. அன்று யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னதால்தான் இன்று இங்கே நிற்கிறீர்கள்.

தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லினக்ஸ் மோசம் என்பதால் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. இப்போது ஆள் இருக்கிறோம். "அக்கா, பிரிண்டர் என்ன மாடல்?" என்று கேட்க நம்மில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்தக் குழுவில் இனி நான் எழுதப்போவதில்லை. உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். லேப்டாப் மாடல், ரேம் அளவு, என்ன வேலைக்கு என்று மட்டும் எழுதுங்கள், போதும்.