வக்கீலுக்கு யாரு பாப்பர் ஓ.பி. போடறது?

போன வாரம் எங்க பார், அதான் வக்கீல் சங்கத்து வாட்ஸாப் குரூப்ல ஒரு சண்டை. உடம்பு முடியாம படுத்திருக்கற ஒரு வக்கீலுக்கு கலெக்‌ஷன் பண்ணி குடுத்தாங்க. நல்ல விஷயம், யாரு இல்லைங்கறா. ஆனா அவர் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு கவரை வாங்கறாரு, பின்னாடி நிர்வாகிகள் ஆறு பேர் கேமராவை பாத்து நிக்கறாங்க, அந்த போட்டோவை குரூப்ல போட்டு கீழ கைகூப்பற பொம்மை வரிசையா வந்துட்டே இருக்கு. நான் "இந்த போட்டோ தேவையா"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன். குடுக்காதவன்லாம் பேசக்கூடாதுன்னு ஆரம்பிச்சு ராத்திரி பதினொன்னு வரைக்கும் போச்சு. நானும் குடுத்தேன், எவ்ளோன்னு அங்கயும் சொல்லல, இங்கயும் சொல்லப்போறதில்ல.

சிவில் பாக்கறவங்களுக்கு பாப்பர் ஓ.பி. தெரியும். பாப்பர்னா பரம ஏழை. கோர்ட் ஃபீஸ் கட்ட வழியில்லாதவங்க சிவில் நடைமுறை சட்டம், அதான் சி.பி.சி., ஆர்டர் 33-ல போடற மனு. 1976 திருத்தத்துல பாப்பர்ங்கற வார்த்தையை எடுத்துட்டு 'இண்டிஜென்ட் பர்சன்'னு போட்டாங்க, ஆனா இன்னைக்கும் எந்த குமாஸ்தாவை கேட்டாலும் பாப்பர் ஓ.பி.தான். சொத்து ஷெட்யூல் போடணும், அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகும், அப்புறம் கூண்டுல ஏறி எனக்கு ஒண்ணும் இல்லைங்கன்னு நிரூபிக்கணும். சொத்துல பாகம் கேட்டு வந்த ஒரு அம்மாவை நான் எதிர்தரப்புக்கு ஆஜராகி கிராஸ், அதான் குறுக்கு விசாரணை பண்ணிருக்கேன். கழுத்துல கெடக்கறது எத்தனை பவுன், வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா, அதை யார் வாங்கி குடுத்தா, கரண்ட் பில் யார் கட்டறான்னு அரைமணி நேரம். கழுத்துல கெடந்தது கவரிங். வெளிய வந்ததும் நல்ல கிராஸுடான்னு சீனியர் டீ வாங்கி குடுத்தார்.

அந்த டீ எனக்கு 2020-லதான் தொண்டையில நின்னுச்சு.

மார்ச் கடைசில கோர்ட் மூடுனாங்க. ஜாமீன் மாதிரி அவசர மனு மட்டும் நடந்துச்சு, மொஃபசல்ல, அதான் வெளியூர் கோர்ட்ல சிவில் பாக்கறவனுக்கு என்ன அவசரம் வரும்? கேஸ் குடுத்த கட்சிக்காரர் வாய்தாவுக்கு வந்தாதான் ஐநூறோ ஆயிரமோ கைக்கு வரும், பஸ்ஸே இல்லாதப்ப அவர் எங்க வருவார். வேற ஏதாவது பண்ணலாம்னா பார் கவுன்சில் ஆஃப் இண்டியா ரூல்ஸ்படி முழுநேர சம்பள வேலைக்கு போகக்கூடாது, நேரடியா வியாபாரம் பண்ணக்கூடாது, நான் இருக்கேன் வாங்கன்னு விளம்பரமும் போடக்கூடாது. முதல் மட்டும் போட்டுட்டு ஸ்லீப்பிங் பார்ட்னரா இருந்துக்கலாம்னு ரூல்ல இருக்கு. முதல் போட காசு இருந்திருந்தா நாங்க ஏன் தூங்காம கெடந்தோம்?

அப்ப நம்ம தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் கஷ்டப்படற வக்கீல்களுக்கு 4,000 ரூபா குடுத்துச்சு. அதுபோக எங்க பக்கம் ஒரு சங்கத்துல அரிசி மளிகை பை குடுக்கறோம்னாங்க, பேரு வேண்டாம், அதுக்கு ஒரு ஃபாரம். சொந்த வீடா வாடகையா, கார் இருக்கா, மனைவி வேலைக்கு போறாங்களா, வேற வருமானம் என்ன. கார் இருக்கான்னா இருக்கு, பேட்டரி செத்துப்போன மாருதி 800, தார்ப்பாய் போட்டு மூடி பூனை குட்டி போட்டிருக்கு. அதை எப்படி எழுதறதுன்னு பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஃப்ரிட்ஜ் இருக்கான்னு கேட்ட குரல் என்னோட குரல் மாதிரியே இருந்துச்சு. ஃபாரத்தை மடிச்சு கேஸ் கட்டுக்குள்ள சொருகிட்டேன்.

பை குடுக்கற இடத்துல ஹெல்ப் பண்ண மட்டும் போனேன். சாயங்காலம் கூட்டம் கலைஞ்சப்புறம் எங்க பார்ல இருபது வருஷத்துக்கு மேல பிராக்டிஸ் பண்ற ஒரு அண்ணன் வந்தார், வண்டியை தூரமா நிறுத்திட்டு மாஸ்கை மூக்குக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டு. "ஜூனியர் பையனுக்கு தம்பி, அவனால வர முடியல"ன்னு சொல்லி ஒரு பை வாங்கிட்டு போனார். அவருக்கு ஜூனியரே கெடையாது.

இத்தனைக்கும் இது யாரோ போடற தர்மம் கெடையாது. 1961 அட்வகேட்ஸ் ஆக்ட் 6(2)-லயே வறுமையில இருக்கறவங்க, உடம்பு முடியாதவங்க, மத்த வக்கீல்கள் எல்லாருக்கும் உதவ மாநில பார் கவுன்சில் நிதி வைக்கலாம்னு இருக்கு. தமிழ்நாட்ல 1987-லயே சேமநல நிதி சட்டம் வந்துருச்சு, வக்காலத்துல ஒட்டறோமே வெல்ஃபேர் ஸ்டாம்ப், அந்த காசு அதுக்குத்தான் போகுது. அப்ப நான் ஒட்டின ஸ்டாம்புல இருந்து எனக்கு வர்றதை நான் ஏன் தலையை குனிஞ்சுக்கிட்டு வாங்கணும்? வக்கீல் இறந்தா குடும்பத்துக்கு குடுக்கற தொகை 5.25 லட்சத்துல இருந்து 7 லட்சம் ஆச்சு, 7-ல இருந்து 10 லட்சம் ஆச்சு, போராடி வாங்குனதுதான், சந்தோஷம். ஆனா செத்தவனுக்கு ஏறற மாதிரி உசுரோட திண்டாடறவனுக்கு ஏறல. ஆஸ்பத்திரி செலவுக்கு மனு போட்டா ஏதோ கெடைக்கும். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஆறு மாசம் கேஸே வராதது, இதுக்கெல்லாம் நம்ம ஆளுங்க நகையைத்தான் எடுத்துட்டு போறாங்க.

ஜூனியர்களுக்கு 2020-ல அரசு மாசம் 3,000 வீதம் ரெண்டு வருஷம்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. 2024-ல ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் சென்னை மதுரை கோவையில 20,000, மத்த ஊர்ல 15,000 சீனியர் குடுக்கணும்னு பார் கவுன்சில் சர்க்குலரே விட்டுச்சு. எங்க ஊர்ல பாதி சீனியருக்கே அந்த பதினஞ்சாயிரத்தை யாராவது குடுத்தா தேவலை.

லண்டன்ல பாரிஸ்டர்களுக்கு 1873-ல இருந்து ஒரு நல நிதி இருக்கு. யார் கேட்டா, எவ்ளோ வாங்குனாங்கன்னு வெளிய விடறதில்ல. வெள்ளைக்காரன்கிட்ட இருந்து கோட்டும் கவுனும் எடுத்துக்கிட்டோம், வெயில்ல வேகற ஊர்ல இன்னும் கழட்டல, இதை மட்டும் விட்டுட்டோம்.

சண்டைக்கு மறுநாள் செயலாளரே போன் பண்ணார். நல்ல மனுஷன்தான். "போட்டோ போடலைன்னா அடுத்த தடவை எவன் சார் குடுப்பான், நீங்களே தின்னுட்டீங்கன்னு பொதுக்குழுல கேப்பானுங்க"ன்னார். அது நியாயம், நான் மறுக்கல. பொய் கணக்கு எழுதுனவங்களையும் பாத்திருக்கோம், தலைவருக்கு வேண்டியவங்களுக்கே போய் சேந்ததையும் பாத்திருக்கோம். அதுக்குத்தான் சொன்னேன், எலக்‌ஷன்ல நிக்காத மூத்த வக்கீல் மூணு பேரை போடுங்க, மனு அவங்ககிட்ட மட்டும் போகட்டும், பணம் நேரா அக்கவுண்ட்ல ஏறட்டும், பொதுக்குழுல எத்தனை பேருக்கு எவ்ளோன்னு நம்பரை மட்டும் படிங்க, சந்தேகம் இருந்தா ஆடிட்டர் பாக்கட்டும். குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ கேஸ்ல பேரை மறைச்சு எழுதத் தெரிஞ்ச நமக்கு இது தெரியாதா? பாக்கலாம் சார்னார். அந்த பாக்கலாம்க்கு என்ன அர்த்தம்னு பார்ல இருக்கறவங்களுக்கு தெரியும்.

அன்னைக்கு சாயங்காலம் அந்த மளிகை பை அண்ணன்கிட்ட இருந்து தனியா ஒரு மெசேஜ். "தம்பி, அந்த போட்டோவை எடுக்க சொல்லேன், அவர் பொண்ணு காலேஜ் குரூப் வரைக்கும் போயிருச்சாம், புள்ள அழுதுட்டே இருக்காம்." அட்மினை கூப்ட்டு சொன்னேன். எடுத்தரலாம் சார்னு உடனே எடுத்துட்டார். மத்த குரூப்ல?ன்னேன். அதுக்கு நாம என்ன சார் பண்ண முடியும்னார்.