சட்டியில் மூளையும் தாய் செய்த வினையும்

"சட்டியில மனுச மூளை வளக்கிறான், கடவுளோட வெளாடுறான்" என்று மதிப்புக்குரிய அண்ணன் போட்ட பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பக்கம் அதை ஷேர் பண்ணாத ஆள் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். கீழே ஒருவர் "குறைப்பிள்ளை பிறப்பது தாய் செய்த வினை" என்று எழுத, அண்ணன் கைகூப்பி நன்றி சொன்னாரே, அதைத்தான் விட முடியவில்லை.

முதலில், அது மூளையே இல்லை. 2013இல் வியன்னாவில் லங்காஸ்டர், நோப்லிக் என்ற விஞ்ஞானிகள் ஸ்டெம் செல்லில் (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலத்தில்) இருந்து வளர்த்துக் காட்டிய நரம்புக் கலத் திரள், பட்டாணி அளவு. இரத்தக்குழாய் இல்லாததால் அதற்கு மேல் பெரிதாக வளராது. "ஸ்டெம் செல்லுக்காகக் கருவைக் கொல்கிறார்களே" என்பீர்கள். 2007இலேயே ஜப்பானிய விஞ்ஞானி யமனக்கா மனிதத் தோல் கலத்தை ஸ்டெம் செல்லாக மாற்றிவிட்டார். கருவில் எடுத்த கலங்களையும் பாவிக்கிறார்கள்தான், அதைப் பற்றிச் சண்டை பிடிப்போம், வாருங்கள். ஆனால் தாயை ஏன் இழுக்கிறீர்கள்?

மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும்; மூடாவிட்டால் பிள்ளை குறையோடு பிறக்கும். அந்த நேரம் பல பெண்களுக்குத் தான் உண்டாகியிருப்பதே தெரியாது. வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாத நாட்கள் அவை. அதைப் பார்க்கத்தான் தட்டில் வளர்க்கும் இந்தக் கல மாதிரிகள். 2021இல் ஸ்டெம் செல்கள் தாமாக மடிந்து குழாயாவதைத் தட்டிலேயே பார்த்தார்கள்.

என் சித்திக்குப் பிள்ளை முதுகில் கட்டியோடு பிறந்தது. கிரகணத்தன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போனாளாம், அதனால்தானாம். போகாவிட்டால் அன்றைய பேரை (நாட்கூலிக் கணக்கை) யார் போடுவது, கங்காணியா? ஊர்த் திருவிழாவான காமன் கூத்தில் கூட அவளை முன்னால் நிற்க விடவில்லை இந்த லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) மனுசர்கள். மூடாத ஒரு குழாய்க்கு ஆயுள் முழுக்க அவள் பதில் சொன்னாள்.

"நீ என்ன டொக்டரா?" இல்லை. ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், அது போதும். "நம்பிக்கையைப் புண்படுத்தாதே." சித்திக்குப் புண்படாதா? ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாரில், கர்ப்பத்துக்கு முன்பே போலிக் அசிட் என்ற விற்றமின் எடுத்தவர்களுக்கு இந்தக் குறை 72 வீதம் குறைந்தது என்று 1991இலேயே பிரித்தானிய ஆய்வு காட்டியது. எல்லாவற்றையும் தடுக்காது, சரி. ஆனால் வினைதான் காரணம் என்றால், மிட்வைஃப் மிஸ் தரும் அந்தப் போலிக் அசிட் குளிசையை எங்கள் பிள்ளைகள் எதற்கு விழுங்க வேண்டும்?

அண்ணன், பதிவு இருக்கட்டும். அந்த நன்றியை மட்டும் எடுங்கள். இதற்காக என்னை ப்ளொக் பண்ணினாலும் பரவாயில்லை.